விளக்கேந்திய அம்மையார் போட்ட கணக்கு

திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். எள் போட்டால் எள் விழாத கூட்டம். லட்சக்கணக்கான மக்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். கடலில் குளிக்கிறார்கள். நாழிக்கிணற்றில் நீராடுகிறார்கள். சாப்பிடுகிறார்கள். மணலிலேயே படுத்து உறங்குகிறார்கள். திருவிழா முடிந்ததும் பஸ்சிலும் ரெயிலிலும் நலமாக ஊர் திரும்புகிறார்கள்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. பெருந்திருவிழா என்றாலே வீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். திருவிழாவுக்குப் போனவர்களோடு வாந்திபேதியும் வந்து சேரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பிணமாவார். வழிநெடுகிலும் உள்ள சத்திரங்களிலும் சாவடிகளிலும் நோய் இறங்கிக்கொண்டே போகும்.

அந்தக் கொள்ளை நோய் எப்படி ஒழிந்தது? மருந்தும் ஊசியும் உதவின. அவை மட்டும் போதவில்லை. நல்ல குடிநீர் வேண்டியிருந்தது. கழிவு நீர் போக வழி வேண்டியிருந்தது. கழிப்பிடம் வேண்டியிருந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் எந்த நோயால் இறந்தார்கள் என்ற கணக்கு வேண்டியிருந்தது. இவை எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னியவை. ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் பலன் இல்லை.

இதை 150 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு, இந்திய நாட்டுக்காக வாதாடிய ஒரு பெண்மணி உண்டு. அவர் திருச்செந்தூரைப் பார்த்தவர் அல்ல. இந்தியாவிலேயே காலடி வைத்தவர் அல்ல. லண்டனில் ஒரு வீட்டில், நோய்ப் படுக்கையில் இருந்தபடியே கடிதம் எழுதிக் காரியம் பார்த்தவர். அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கையில் விளக்குடன் நோயாளிகளைப் பார்க்க வரும் அவருடைய படத்தைப் பள்ளிப் பிள்ளைகள் கூட அறிவார்கள். அவர் போட்ட கணக்கைப் பற்றிப் பலர் அறிய மாட்டார்கள். விளக்கு காப்பாற்றிய உயிர்களைவிடக் கணக்கு காப்பாற்றிய உயிர்கள் அதிகம்.

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி, இத்தாலி நாட்டில் உள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். பெரும் செல்வந்தர்கள். பிறந்த ஊரின் பெயரையே மகளுக்கு வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. தந்தையே மகளுக்கு ஆசிரியர். கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் மகளுக்கு ஆசை கணக்கின் மேல்தான். தோட்டத்தில் விளைந்த காய் கனிகளைக்கூடப் பட்டியல் போட்டு எழுதி வைக்கும் வழக்கம் சிறு வயதிலேயே அவரிடம் இருந்தது.

வயது வந்ததும் நல்ல இடத்தில் மாப்பிள்ளை வந்தது. அவர் மறுத்தார். நோயாளிகளுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்றார். வீட்டில் புயல் கிளம்பியது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை என்றால் முகம் சுளிப்பார்கள். மானமுள்ள குடும்பத்துப் பெண் அங்கே போகலாமா என்று தாயும் அக்காளும் கண்ணீர் விட்டார்கள்.

அவர் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். விடியுமுன் எழுந்து, ஆஸ்பத்திரி அறிக்கைகளை ரகசியமாகப் படித்தார். 1851-ம் ஆண்டு ஜெர்மனிக்குச் சென்று, கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் நர்சு வேலை பழகினார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்பு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 33.

போர்முனைக்குப் பயணம்

அடுத்த ஆண்டு கிரிமியாவில் சண்டை மூண்டது. ரஷ்யாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் போரிட்டன. காயம் பட்ட ஆங்கிலச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைக் கடந்து, துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே ஒரு பழைய பட்டாளக் கட்டடம் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது.

அங்கே சிப்பாய்கள் படும் பாடு பத்திரிகைகளில் வந்தது. இங்கிலாந்து கொதித்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேல் அம்மையாரை அழைத்தார். 1854-ம் ஆண்டு அக்டோபர் 21-ந்தேதி 38 பெண்களுடன் அவர் புறப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே கண்ட காட்சி நெஞ்சைப் பிளந்தது. மைல் கணக்கில் நோயாளிகளின் வரிசை. படுக்கை இல்லாதவர்கள் தரையில் கிடந்தார்கள். துணி மாற்ற வழி இல்லை. எங்கும் பேன். எங்கும் எலி. குடிக்கிற தண்ணீருக்கும் பஞ்சம்.

அம்மையார் முதலில் கேட்டது மருந்து அல்ல. தரையைத் தேய்க்கும் பிரஷ்களைக் கேட்டார். சட்டை, சோப்பு, பாத்திரம் வாங்கினார். துணி வெளுக்க இடம் ஏற்படுத்தினார். தனிச் சமையல்கூடம் அமைத்தார். இரவில் எல்லோரும் உறங்கிய பின் விளக்கை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகச் சென்றார். சாகக் கிடந்த சிப்பாய்களின் கடைசிக் கடிதங்களை எழுதி, வீட்டாருக்கு அனுப்பினார்.

சாக்கடையின் மேல் ஆஸ்பத்திரி

இத்தனை பாடுபட்டும் சாவு குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கூடிக்கொண்டே போனது. 1855-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கணக்குப்படி ஆஸ்பத்திரியில் 100 பேருக்கு 42 பேர் வீதம் மாண்டார்கள்.

மார்ச் மாதம் லண்டனில் இருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் டாக்டர்களும் ஒரு என்ஜினீயரும் இருந்தார்கள். நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். உண்மை வெளிப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியே அடைத்துக் கிடந்த சாக்கடைகளின் மேல் நின்றது. குடிநீர் வரும் வாய்க்காலில் ஒரு செத்த குதிரை கிடந்தது.

சாக்கடையை வெட்டிக் கழுவினார்கள். குதிரையை அகற்றினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 ஆக இறங்கியது.

நெஞ்சைச் சுட்ட கணக்கு

1856-ல் சண்டை முடிந்தது. இங்கிலாந்தே அம்மையாரை வரவேற்கக் காத்திருந்தது. அவரோ வேறு பெயரில் பயணம் செய்து, யாருக்கும் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். விழாவும் மாலையும் அவருக்கு வேண்டாம். இறந்து போன ஆயிரக்கணக்கான இளைஞர்களின் முகம் கண் முன்னே நின்றது.

ஏன் இறந்தார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. இங்கிலாந்தின் பிறப்பு இறப்புக் கணக்கில் கரைகண்டவர் வில்லியம் பார். அவரோடு உட்கார்ந்து, போர்க்காலக் கணக்குகளைப் புரட்டினார்.

அந்தக் கணக்கு அவரைச் சுட்டது. குண்டு பட்டும் வாள் பட்டும் இறந்தவர்கள் கொஞ்சம் பேர். பேதி, விஷ ஜுரம், காலரா போன்ற தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகப் பலர். அது மட்டுமா? போர்முனைக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிகளைவிட ஸ்கூட்டாரியில்தான் சாவு விகிதம் அதிகம். அதாவது, அவர் இரவும் பகலும் கண் விழித்துக் காத்த அதே ஆஸ்பத்திரியில்!

வேறொருவராக இருந்தால் அந்தக் கணக்கை மூடி மறைத்திருப்பார்கள். நாடே தேவதை என்று கும்பிடும் நேரத்தில், தம் ஆஸ்பத்திரியே சாவுக்கிடங்காக இருந்தது என்று யார் சொல்வார்கள்? அம்மையார் மறைக்கவில்லை. அன்பும் உழைப்பும் மட்டும் போதாது, அடியில் ஓடும் சாக்கடையைப் பார்க்காமல் போனால் அத்தனையும் வீண் என்று உணர்ந்தார். தம் வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரு பாடத்துக்கே கொடுத்தார்.

வண்ணப் படம்

கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தால் மந்திரிகள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் படமாகப் போட்டார். வட்டமான பூவைப் போல ஒரு படம். மாதத்துக்கு ஓர் இதழ். தடுக்கக்கூடிய நோயால் வந்த சாவு நீல நிறம். காயத்தால் வந்த சாவு சிவப்பு. மற்றவை கறுப்பு. படத்தைப் பார்த்த உடனே யாருக்கும் புரியும். நீலம்தான் பெருகி நின்றது. சிவப்பு சிறிதளவே இருந்தது.

1858-ல் லண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கழகத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவரே. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. போர்முனையில் பிடித்த கடும் காய்ச்சல் அவரை நிரந்தர நோயாளி ஆக்கிவிட்டது. 40 வயது ஆகுமுன்பே பெரும்பாலும் படுக்கை வாசம். அந்தப் படுக்கையே அவருக்கு ஆபீஸ் ஆயிற்று.

இந்தியாவுக்குக் கேள்வித்தாள்

அப்போதுதான் அவர் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1859-ல் இந்தியாவில் உள்ள ஆங்கிலப் பட்டாளத்தின் சுகாதாரத்தை ஆராய ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. பெண் என்பதால் அவருக்கு அதில் இடம் இல்லை. ஆயினும் கமிஷனின் மூளை அவராகவே இருந்தார்.

இந்தியாவில் ஆங்கிலச் சிப்பாய்களின் சாவு ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69. சண்டையில் அல்ல, சும்மா இருக்கும்போதே! 1,000 பேர் கொண்ட படை ஒன்று பத்து ஆண்டு இங்கே இருந்தால், ஏறக்குறைய 690 பேரைப் புதைத்துவிட்டுப் புதிய ஆள் சேர்க்க வேண்டும்.

காரணம் கேட்டால், இந்தியாவின் வெயில் அப்படி என்றார்கள். அம்மையார் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தியாவில் பட்டாளம் இருந்த எல்லா ஊர்களுக்கும் கேள்வித்தாள் அனுப்பச் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் எவ்வளவு தூரம்? சாக்கடை உண்டா? ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்? எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள்? இப்படிக் கேள்விகள் நீண்டன.

பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. வீடு மாறும்போது அவற்றை ஏற்றத் தனி வண்டி தேவைப்பட்டது. 1863-ல் வெளிவந்த கமிஷன் அறிக்கை ஏறக்குறைய 2,000 பக்கம். அத்தனையையும் அவர் படித்தார். சாதாரண மக்களும் புரிந்துகொள்ளும்படி, படங்களுடன் சுருக்கம் எழுதினார்.

அறுபடாத சங்கிலி

பதில்களைப் படிக்கப் படிக்க ஓர் உண்மை தெளிவாயிற்று. பட்டாளத்தின் பாளையத்தை மட்டும் துப்புரவாக்கினால் போதாது. பாளையத்துக்குப் பக்கத்திலேயே கடைவீதி. அங்கே சாக்கடை இல்லை. கடைவீதிக்கு அப்பால் கிராமம். அங்கே ஒரே குளத்தில் குளியல், துவைத்தல், மாடு கழுவுதல், குடிநீர் எல்லாம். நோய்க்கு வேலி ஏது? மக்கள் நலமாக இல்லாமல் சிப்பாய் நலமாக இருக்க முடியாது.

தாமிரபரணிக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆறு பொதிகை மலையில் பிறக்கிறது. பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. மேலே உள்ள ஊர் ஆற்றில் விட்ட அழுக்கைக் கீழே உள்ள ஊர் குடிக்கிறது. கீழே உள்ள ஊரில் எத்தனை பெரிய டாக்டர் இருந்து என்ன? மேலே அழுக்கு நிற்கும் வரை நோயும் நிற்காது. ஓர் ஊரை மட்டும் பார்த்தால் நோயாளிகள்தான் தெரிவார்கள். ஆறு முழுவதையும் பார்த்தால்தான் நோயின் மூலம் தெரியும். அம்மையார் ஆறு முழுவதையும் பார்த்தவர்.

1864-ல் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. வைஸ்ராயாகப் புறப்பட்ட ஜான் லாரன்ஸ், கப்பல் ஏறுமுன் அம்மையாரின் வீடு தேடி வந்து ஆலோசனை கேட்டார். ஓட்டுரிமை கூட இல்லாத ஒரு பெண்ணின் வாசலில் இந்தியாவை ஆளப் போகிறவர் காத்திருந்தார்!

1873-ல் அம்மையார் மீண்டும் கணக்குப் பார்த்தார். சிப்பாய்களின் சாவு 1,000-க்கு 69-ல் இருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. வெயில் அதே வெயில்தான். மாறியது தண்ணீரும் சாக்கடையும் படுக்கும் இடமும்.

பஞ்சமும் தண்ணீரும்

சிப்பாய் பிழைத்தான். குடியானவன்? அவனுக்காகச் செலவு செய்ய அரசாங்கத்துக்கு மனம் வரவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

அம்மையார் பஞ்சத்தையும் ஒரு நோயைப் போலவே ஆராய்ந்தார். மழை பொய்த்தது. பயிர் கருகியது. குடியானவனுக்கு ஏற்கெனவே கடன், வட்டி. கையில் காசு இல்லை. ஊரை விட்டுக் கிளம்பினான். கூட்டம் கூட்டமாக மக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். கெட்ட தண்ணீரைக் குடித்தார்கள். பசியால் மெலிந்த உடம்பைக் காலராவும் காய்ச்சலும் கொண்டுபோயின. டாக்டர் வருவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில். முதல் கண்ணியிலேயே அறுக்க வேண்டும் என்றார் அம்மையார். அதற்குப் பாசன வாய்க்கால் வேண்டும், நியாயமான குத்தகை வேண்டும், கடனில் இருந்து மீட்சி வேண்டும். கோதாவரியிலும் கொள்ளிடத்திலும் அணை கட்டிப் புகழ் பெற்ற ஆர்தர் காட்டன் துரையின் பக்கம் நின்று, பாசனத்துக்காக வாதாடினார். லண்டனில் அதிகாரிகளுக்கு எரிச்சல் வந்தது. சுகாதாரத்தைப் பற்றிப் பேச வந்தவருக்குக் குத்தகையைப் பற்றி என்ன பேச்சு என்று முணுமுணுத்தார்கள்.

பிழையும் உண்டு

அம்மையாரிடம் பிழையே இல்லை என்று சொல்ல முடியாது. நோய்கள் கெட்ட காற்றால் வருகின்றன என்று நெடுங்காலம் நம்பினார். காலரா தண்ணீரில் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற டாக்டர் 1854-லேயே லண்டனில் ஒரு குழாயடியை ஆராய்ந்து காட்டியிருந்தார். 1884-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து விளக்கினார். இவற்றை ஏற்க அம்மையார் மிகவும் தயங்கினார். கிருமி என்று சொன்னால், சாக்கடையை மறந்துவிட்டு மருந்தை மட்டும் தேடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் அவர் காட்டிய வழி பலன் தந்தது. சாக்கடையும் தண்ணீரும் சுத்தமானால் கிருமிக்குப் போக வழி இல்லை. எனினும் கிருமி இன்னதென்று தெரிந்த பிறகே தண்ணீருக்குக் குளோரின் வந்தது, தடுப்பூசி வந்தது. அவருடைய கணக்கும் காக்கின் பூதக்கண்ணாடியும் சேர்ந்தே வேலையை முடித்தன.

கிராமத்தைத் தேடி

வயது ஏற ஏற அவர் மற்றொன்றையும் உணர்ந்தார். லண்டனில் இருந்து உத்தரவு போட்டால் கிராமம் சுத்தமாகாது. கிராமத்தார் தாமே விரும்பிச் செய்ய வேண்டும். அவர்கள் மொழியில், அவர்களில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். கிராமத்தில் வசூலாகும் வரியில் ஒரு பங்கை முதலில் அந்தக் கிராமத்தின் சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும் என்று 1892-ல் இந்தியா மந்திரிக்கு மனுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அப்போது வயது 72. இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றி 1894-லும் ஒரு கட்டுரை எழுதினார்.

அவர் கேட்டதில் கொஞ்சமே நடந்தது. பணம் இல்லை என்பதே எப்போதும் பதில். ஆனாலும் அவர் சலிக்கவில்லை.

கடைசிக் காலத்தில் கண் பார்வை போயிற்று. 1907-ல் மன்னர் ஏழாம் எட்வர்டு உயர்ந்த விருது ஒன்றை அளித்தார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந்தேதி, 90-வது வயதில் உயிர் பிரிந்தது. மன்னர்கள் பலர் அடக்கம் செய்யப்பட்டுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலில் இடம் தர அரசாங்கம் முன்வந்தது. குடும்பத்தார் ஏற்கவில்லை. அவர் விருப்பப்படி சொந்தக் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் முழுப் பெயர் கூட இல்லை. இரண்டு எழுத்தும், பிறப்பு இறப்பு விவரமும் மட்டுமே.

மீண்டும் கடற்கரை

அவர் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1939-ல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்று நோய் எல்லாம் அந்த ஒரே சட்டத்தில் இடம் பெற்றன. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் அதில் தனிப் பகுதியே உண்டு. திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குக் காலரா ஊசி போட்ட காலம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்று திருச்செந்தூரில் திருவிழா என்றால், குழாய் வழியே தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. மருந்து கலந்த தண்ணீரின் வாசனை லேசாக மூக்கில் ஏறுகிறது. விடியுமுன் துப்புரவுத் தொழிலாளர்கள் கடற்கரையைக் கூட்டுகிறார்கள். எங்கோ ஓர் ஆபீசில், இந்த வாரம் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் எண்ணி எழுதுகிறார்.

அந்த வேலைகள் சரியாக நடந்தால் அவற்றை யாரும் கவனிப்பதே இல்லை. மொட்டை போட்ட பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையில் பன்னீர் இலை விபூதியோடு, குடும்பம் நலமாக வீடு திரும்புகிறது.